இருபத்தொன்றா, இருபத்தேழா?

இன்று காலை தபால்காரர் தெருவை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தார். "எழுபத்து நாலுன்னு போட்டிருக்குது சார். இந்தத் தெருவுல அவ்வளவு வீடே இல்ல" என்று அலுத்துக்கொண்டே உறையை நீட்டினார். பிரான்சிலிருந்து உன் மகன் எழுதியிருக்கிறான். பதினான்கு என்றுதான் போட்டிருக்கிறான். உன்னைப் போலவே ஒன்றின் தலையில் நீளமாக ஒரு கோட்டை இழுத்து, அதை ஏழாக்கி வைத்திருக்கிறான். உள்ளே, நீ போய்விட்ட செய்தி. அழ வேண்டியவன், உறையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிறகு அழவும் செய்தேன்.

அந்த ஐப்பசி மாதம் உனக்கு நினைவிருக்கும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்றாவது வருஷம். எல்லையில் பையைக் கிளறிப் பார்க்கிறவர்கள் போய்விட்டார்கள். நினைத்தபோது பஸ் ஏறலாம் என்பதே நமக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய் ராஜகிரி மலை ஏறலாம் என்று நீதான் கிளப்பிவிட்டாய். நீ, நான், அரியாங்குப்பத்து ரங்கன். திண்டிவனத்தில் பஸ் மாறும்போதே தூறல்; மலையடிக்குப் போனதும் கொட்டித் தீர்த்தது. ரங்கன் அண்ணாந்து பார்த்தான். "நீங்க போய்ட்டு வாங்க. ரொட்டி நனையாம நான் பார்த்துக்கறேன்" என்று அடிவார மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டான்.

படிகளில் மழைத்தண்ணீர் நமக்கு எதிரே ஓடி வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினோம். நீ இரண்டு முறை வழுக்கி விழுந்தாய். இரண்டு முறையும், "விழலடா, உக்காந்து பார்த்தேன்" என்று சாதித்தாய். மூச்சு வாங்கியதைவிடச் சிரித்ததில்தான் எனக்கு விலா வலித்தது. உச்சிக் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நம் இருவர் மீதும் நனையாத இடமே இல்லை. சுற்றிலும் ஒரே மேகம். ஊரும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை.

அங்கேதான் நான் இடுப்பில் முடிந்திருந்த பொடி டப்பாவைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியின் வாசல் வழியாகத்தான் அவள் தினமும் போவாள். அந்த நேரம் பார்த்து நான் டஸ்டர் தட்ட வெளியே வருவேன். "டஸ்டர் தேஞ்சு போச்சுடா, போய்ப் பொண்ணு கேளு" என்று நீதான் விரட்டினாய். அம்மாவை அனுப்பிக் கேட்டேன். அவள் அப்பா பிரெஞ்சுக் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர்; ஊரில் எல்லோரும் மரியாதையாக 'மிசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மணி தாமதமாக வந்த ஒரு மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பியவர் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவர் தம் கையால் எழுதி அனுப்பிய சீட்டு அது. பெண் பார்க்க வர வேண்டிய தேதி, மாலை ஐந்து மணி, அதன் கீழே "நேரம் தவற வேண்டாம்." அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நான் படித்துச் சொன்னதுதான் தேதி. உன்னிடம் பெருமை அடித்துக்கொள்ளத்தான் மலை வரை கொண்டு வந்திருந்தேன்.

நீ வாங்கிப் பார்த்தாய். உன் முகம் மாறியது.

"டேய், இன்னிக்கு என்னா தேதி?"

"இருபத்தொண்ணு."

"இதுல என்னா போட்டிருக்குது?"

"இருபத்தேழு."

"ஏழுன்னா நடுவுல குறுக்குக் கோடு எங்கடா? மிசியே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவருடா. இது ஒண்ணு. இன்னிக்குத்தாண்டா!"

வெள்ளைக்காரன் ஆண்ட கடலூரில் இங்கிலீஷ் முறையில் படித்த எனக்கு ஒன்று என்றால் நேராக ஒரு கோடு, அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாய். ஏறும்போது பார்த்துப் பார்த்து வைத்த காலை இறங்கும்போது யார் பார்த்தார்கள்! திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் ஏரி உடைத்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து, எதிர்க்கரையில் மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றிய லாரியை நிறுத்தி, தார்ப்பாய்க்குள் மூன்று பேரும் ஒடுங்கிக்கொண்டோம். மண்டபத்திலேயே இருந்ததால் அதிகம் நனையாதது ரங்கன் சட்டை ஒன்றுதான். அதைக் கழற்றி எனக்கு மாட்டினாய். அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம்.

அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஆறு ஆகப் போகிறது. அவள் அப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார். நீ முன்னால் போய்க் கும்பிட்டாய்.

"மிசியே, நான்தான் மாப்பிள்ள வீட்டுப் பெரியவங்க."

உனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் உண்மையைச் சொன்னேன். "தேதிய ஏழுன்னு படிச்சுட்டேங்க. மலையேறப் போயிட்டோம்."

"நீங்க என்னா வாத்தியார்?"

"கணக்கு."

உள்ளே யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் அவளே அப்பாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "உச்சி வரைக்கும் போனீங்களா? அங்கேருந்து என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைங்க. ஒரே மழை" என்றேன்.

நீ என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாய். "கடல் தெரிஞ்சுதுங்க! நம்ம பாண்டிச்சேரிக் கடல். இவனுக்கு உங்க நெனப்புல கண்ணு தெரியல."

அவள் அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "கால கழுவிக்கிட்டு உள்ள வாங்க" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம், எதற்காகச் சம்மதித்தாய் என்று கேட்டேன். "உங்களுக்குப் பொய் சொல்ல வரல. உங்களுக்காகப் பொய் சொல்ல ஒருத்தர் இருக்காரு. ரெண்டும் பிடிச்சுது" என்றாள். இதை நான் உனக்கு எழுதவே இல்லை. உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஊர் சட்டப்படி கைமாறிய வருஷம் நீ பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினாய். ஒவ்வொரு தீபாவளிக்கும், "நல்ல வெயில் நாளாகப் பார்த்து மறுபடி ஏறுவோம்" என்று எழுதுவாய். நானும் சரி என்று எழுதுவேன். நீ இல்லாமல் நான் அந்த மலைப்பக்கம் போனதில்லை.

இன்று மத்தியானம் பேரனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவன் போன மாதம்தான் செஞ்சிக்குப் போய் ஏறிவிட்டு வந்தவன், நல்ல வெயிலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கேருந்து கடல் தெரியாது தாத்தா, ரொம்பத் தூரம்" என்றான்.

உன் மகன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அவன் பாட்டி நிமிர்ந்தாள்.

"தெரியும்டா. தாத்தாவோட சிநேகிதரு பார்த்திருக்காரு."