மூலைக்குப் போன மீன்கள்

கும்மிடிப்பூண்டி
12.8.2008

அன்புள்ள எஸ்தருக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் பாப்பாவும் சுகமா? பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு லீவு உண்டு என்று மேனேஜர் இன்று காலை சொன்னார். கையெழுத்து இன்னும் போடவில்லை. காரணம், மீன்கள்.

ஆலைகளில் சுத்தம் செய்த கழிவுநீரில் விஷம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, அதைத் தொட்டியில் நிரப்பி மீன்களை விட்டு, மேலே கேமரா வைத்துப் படம் பிடிக்கிறோம். ஒவ்வொரு மீனும் நீந்தும் பாதையைக் கணினி கோடாக வரைந்து தரும். ஆறு நாளாகக் காலை பத்து மணியானால் எல்லாக் கோடுகளும் தொட்டியின் இடது மூலைக்கே போயின. தண்ணீரில் விஷம் என்று மேனேஜர் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்.

நேற்றுதான் கோடுகளை விட்டுவிட்டு, படத்தையே ஓடவிட்டுப் பார்த்தேன். மூலையில் ஒரு வளையல் கை பொரி தூவியது. பெருக்க வரும் முத்தம்மாவின் கை.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"இன்னா சார், பட்னி போட்டா படம் புடிப்பீங்க? வாயில்லாத ஜீவன். ஒரு புடி பொரிதான் போட்டேன்."

"எத்தனை நாளா?"

"மீனு வந்த நாள்லேர்ந்து. இம்மாம் பெரிய கேமரா வெச்சிக்கினு உங்களுக்குத் தெரியலியா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

ஆறு நாள் படத்தையும் நாளை முதல் திரும்ப எடுக்கிறோம். முத்தம்மாவின் வேலைக்கு ஆபத்தில்லை. "நாஷ்டா துன்னீங்களா சார்?" என்று இங்கே என்னைக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. பாப்பா நடப்பதை உன் தம்பியை விட்டுப் படம் எடுத்து, சிடியில் போட்டு அதோடு வை. நான் வரும்வரை மனசு தாங்காது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பதினைந்தும் ஞாயிறும் விடுமுறை போக, படப்பிடிப்பு இருபதாம் தேதி முடியும், கையெழுத்து இருபத்தொன்று. மீன்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் இருபத்துமூன்று காலை வீட்டில் இருப்பேன்.

உன்
ஜெபராஜ்