கடை விற்பனைக்கு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாத்திரை போடச் சொன்னால் மட்டும் என்மேல் எரிந்து விழுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம். முடிவெட்டும் கடையை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாயே, வர மாட்டேன். கடையையும் விற்க மாட்டேன்.

நீ பயந்ததில் தப்பில்லை. போன மாதம் கை நடுங்கி ஒரு வாத்தியாரின் காதைக் கீறிவிட்டேன், இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. அப்பாவுக்கு வயசாயிடுச்சு என்று நீ முடிவு கட்டிவிட்டாய். வயசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, கடன் தவணை கேட்டு வங்கிக்காரர்கள் எப்போது போன் அடிப்பார்களோ என்ற திகில்தான். அந்தக் கடன் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பாய். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள், நானும் கத்தரியை ஓட்டிக்கொண்டே தலையாட்டினேன். மூணாவது நாற்காலி போடுங்க, கூட்டம் அள்ளும் என்றார் ஒருவர், தவணையில் வாங்கினேன். அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுங்க என்றார் அடுத்தவர், எடுத்தேன். வெட்டுகிறவன் ஒருத்தன், நாற்காலி மூன்று, என்ன கூத்து பார்!

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் பண ஆலோசகர் ஒருவர் உட்காருகிறார், முன்பு வங்கியில் வேலை பார்த்த பெண்மணி. உன் அம்மாதான் என்னைத் தரதரவென்று இழுத்துப் போனாள். உன் சித்தப்பாவுக்கு ஒரே கேலி, இந்த வயசுல காசு எண்ணக் கத்துக்கப் போறியா அண்ணே என்றான். ஆமாண்டா, போறேன் என்றேன். ஆலோசகர் திட்டவில்லை, இதை வாங்கு அதை வில் என்றும் சொல்லவில்லை. எதை நெனச்சா பயமா இருக்கு என்றுதான் முதலில் கேட்டார். வங்கியோடு பேசுவது என்றேன். உடனே அவரே வங்கி அதிகாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்து என்னைப் பேச வைத்தார். முதல் தடவை கண்டபடி உளறினேன், நாலாவது தடவை அவரையே மடக்கிவிட்டேன். திங்கட்கிழமை நிஜமாகவே பேசினேன், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தந்தார்கள். மொத்தத்தில் வட்டி கூடும், தெரிந்தேதான் சம்மதித்தேன். மூன்றாவது நாற்காலியை விற்றாயிற்று. கடன் தீர இன்னும் நாலு வருஷம் ஆகும், ஆகட்டும். இப்போது போன் அடித்தால் நானே எடுக்கிறேன், கையும் நடுங்கவில்லை. வாத்தியார் நேற்று மறுபடி வந்து தைரியமாக உட்கார்ந்தார்.

மனசில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையை வாங்க நீ ஆள் பார்த்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், என்னைக் கேட்காமல் அவரிடம் முன்பணம் வாங்கி என் கணக்கில் போட்டாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. பாசத்தில் செய்தாய், தெரியும். அதில் சல்லிக்காசு தொடவில்லை. புதன்கிழமை அவர் வீட்டுக்கே போய் முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். பொண்ணைக் கேட்டீங்களா என்றார். கடை என்னுது, கடனும் என்னுது, முடிவும் என்னுது என்று சொல்லிவிட்டு வந்தேன். பணம் பெற்றதாக அவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல் இதோடு இருக்கிறது, பத்திரமாக வை.

நோய்நொடி அண்டாமல் இரண்டு பேரும் மனநிறைவோடு வாழ வேண்டும். விடுமுறைக்கு வரும்போது மாப்பிள்ளை அங்கே முடி வெட்டிக்கொண்டு வரக் கூடாது, சொல்லி வை.

இப்படிக்கு,
நாளைக் காலையும் கடை திறக்கப் போகும்
உன் அப்பா