மரத்தூள் தீர்ந்த பிறகு

பிப்ரவரி 4

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. துடைத்த பிரேம்களையே மறுபடி துடைத்து அடுக்கினேன். வேண்டுமானால் சீக்கிரம் கிளம்புங்கள் என்றார் முதலாளி. சீக்கிரம் போய் என்ன செய்ய? பூட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்கை போய் ஒரு மாதம் ஆகிறது. தையல் மெஷின், துணிமணி, தலையணை வரைக்கும் எடுத்துக்கொண்டு போனவள், பால்கனியில் இருக்கும் உரத் தொட்டியை மட்டும் விட்டுவிட்டாள். "உனக்கு உதவும்க்கா. தோல், காம்பு எல்லாம் போடு. மேல ஒரு கை மரத்தூள் தூவு. வேற வேலையே இல்ல."

எல்லாம் அந்த மரத்தூள் செய்த வேலை. பக்கத்துத் தெரு தச்சுப் பட்டறையிலிருந்து பை பையாகக் கொண்டுவந்தாள். ஒரு தொட்டிக்கு எதற்கடி இவ்வளவு தூள் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு! நாற்பத்து நான்கு வயதில் தச்சரையே கட்டிக்கொண்டாள். ஊரின் அந்தக் கோடியில் அவர் வீடு. பதிவு அலுவலகத்தில் நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணவில்லை. அதில் ஒரு பெருமை வேறு.

பிப்ரவரி 11

வெங்காயத் தோல், கீரைத் தண்டு, நேற்றைய சோறு. எல்லாம் தொட்டிக்குள்.

பிப்ரவரி 19

மரத்தூள் தீர்ந்தது. பட்டறையில் கேட்டால் கொடுப்பார். கேட்க மாட்டேன். அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டாயிற்று. சுற்றித்தான் கடைக்குப் போகிறேன்.

மார்ச் 2

கீழ்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். தப்பாக நினைக்காதீர்கள் என்று தொடங்கி, நாற்றத்தால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று முடித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்குத்தான் கூசிப்போனது.

மாலையில் வீட்டுக்காரரிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டுமாம்.

மார்ச் 3

மூடியைத் திறந்தேன். சொதசொதவென்று ஒரே சேறு. வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கை விரித்தேன், அள்ளிக் கொட்டிவிடலாம் என்று. முடியவில்லை.

ஏன்? எனக்கென்ன இது மேல அப்படி ஒரு பாசம்? ஒரு மண்ணும் இல்ல. வாரா வாரம் போன் பண்றப்ப, "தொட்டி எப்படிக்கா இருக்கு?"ன்னு கேக்கறா. "இருக்கு"ன்னு சொல்றேன். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வர்றதில்ல. இதுவும் போயிட்டா, அவ என்னத்தக் கேப்பா?

மார்ச் 5

நானே கூப்பிட்டேன். நாறுகிறது, என்ன செய்வது என்று கேட்டேன்.

"என்ன போட்ட?"

"தோலு, தண்டு... சோறு."

"எவ்வளவு சோறு?"

"மிஞ்சினது."

"தினமுமா?"

தொட்டியின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினேன்.

"அக்கா... இன்னும் ரெண்டு பேருக்கா வடிக்கிற?"

பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, என்ன பஸ்!

மார்ச் 8

இருவரும் வந்தார்கள். அவர் தோளில் ஒரு மூட்டை மரத்தூள். வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, கீழே நிற்கிறேன் என்று திரும்பினார். இதுவரை நான் உள்ளே கூப்பிட்டதில்லை, அவரும் வந்ததில்லை.

"உள்ள வாங்க மாப்பிள்ளை."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. சின்னவள் சட்டென்று பால்கனிப் பக்கம் போய்விட்டாள். அழுதாளா? கேட்கவில்லை.

அவர் தொட்டியைச் சுற்றி இன்னும் நாலு துளை போட்டார். அவள் சேற்றோடு தூளைக் கொட்டிக் கிளறினாள். நான் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்காரரிடம் அவரே பேசி இரண்டு வாரம் தவணை வாங்கினார். போகும்போது தொட்டியைத் தாங்களே கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார்கள். இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மார்ச் 20

நாற்றம் இல்லை. கிளறினால் உள்ளே கதகதவென்று சூடு.

ஜூன் 14

முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில், சலித்த உரம் ஒரு பை மடியில். மழை பெய்த மண் மாதிரி வாசனை. பக்கத்து இருக்கைக்காரி பையைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். தங்கச்சி வீட்டுக்கு என்றேன்.

சின்ன வீடு. சமையலறையில் எல்லாம் அவர் கையால் செய்த அலமாரி. உதவலாம் என்று உள்ளே போனேன். கரண்டி எங்கே என்று கேட்டேன். தட்டு எங்கே என்று கேட்டேன். உப்பைத் தேடி மூன்று கதவைத் திறந்தேன். இவள் சமையலறையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நீ போய் உக்காருக்கா. நான் போடறேன்."

உட்கார்ந்தேன்.