அவர் சட்டையில் வந்த தூசி

ஐப்பசி 9, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. சம்பா வயலில் தண்ணீர் வடியவில்லை. வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போய்விட்டார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வயல் நல்ல இடம்.

வலது விலாவில் அதே வலி. நெஞ்சில் நீர் எடுத்தது மூன்று தடவை. முதலில் பார்த்தவர் டி.பி. என்றார். மாதக்கணக்கில் மாத்திரை. சிறுநீர் சிவந்ததுதான் மிச்சம்.

தஞ்சாவூர் டாக்டர், சின்னப் பெண்தான், சதை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். தம்பி போனில்: "வேணாம்க்கா. கத்தி பட்டா பரவிடும்." கத்தி படாமலே இத்தனை நாளாகப் பரவுகிறதே, அது என்னவாம்? போகத்தான் போகிறேன்.

எடுத்து வைக்க: பிளாஸ்க், பழைய சேலை, எக்ஸ்ரே படம், அவருக்கு வெற்றிலை.

ஐப்பசி 11, வியாழன்

தஞ்சாவூர். பஸ்ஸில் நின்றுகொண்டே பாதி வழி. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வலித்தது. கத்தவில்லை.

டா. கேட்டார்: "வீட்டுல யாராச்சும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேலை செஞ்சாங்களாம்மா?" இவர் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். கல்யாணமான புதிதிலிருந்து இவருக்குக் கூரை வேலை. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வேதாரண்யம் பக்கமெல்லாம் ஷீட் போட இவரைத்தான் கூப்பிடுவார்கள். ரம்பத்தால் அறுப்பார். அரிசி மாவில் புரண்டவர் மாதிரி வீடு வருவார். சட்டையை உதறிவிட்டுத்தான் துவைப்பேன். உடைந்த ஷீட்டை இடித்து, மழைக்குக் கால் புதையாமலிருக்க மாட்டுக்கொட்டகைப் பாதையில் போட்டோம். ஊரே அப்படித்தான் போட்டது. உலக்கை பிடித்தது நான்.

டா. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஐப்பசி 26, வெள்ளி

முடிவு வந்தது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய். பெயர் மீசோதீலியோமா. நாக்கில் நிற்கவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். கொல்ல வந்தவன் பெயராவது தெரிய வேண்டாமா?

டா. மறைக்கவில்லை. முழுக்கக் குணமாகாது, நாள் கூட்டலாம் என்றார். "கப்பல் கட்டுற ஊர், ஷீட் ஃபாக்டரி இருக்கிற ஊர்ல எல்லாம் கொத்தா வரும்மா. தூசி உள்ள போயி முப்பது, நாப்பது வருஷம் கழிச்சு. நம்ம நாட்டுல ரொம்பக் குறைவுன்னு சொல்றாங்க."

"நம்ம நாட்டுல ஷீட்டு குறைவா?"

"இல்லம்மா. சதை எடுத்துப் பார்க்கறவங்கதான் குறைவு."

இவரோடு கூரை ஏறிய ராஜு சளி என்று போனார். அவர் அண்ணன் டி.பி. என்று போனார். அவர்களுக்கு வந்ததும் இதுதானோ என்னவோ, யார் பார்த்தார்கள்? பயமாக இருக்கிறது. அதைவிடக் கோபம்.

தம்பி மறுபடி: "வெளியில டி.பி.ன்னே இருக்கட்டும்க்கா. பொண்ணுக்கு வரன் பாக்குறோம், பரம்பரை வியாதின்னுடுவாங்க."

"உம் பொண்ணு எங்க வீட்டுச் சட்டையைத் துவைக்கலடா," என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஐப்பசி 27, சனி

தூறல். களையெடுக்க வந்த பெண்களிடம் வரப்பில் நின்று பெயரோடு சொல்லிவிட்டேன். செல்வி: "எங்க கொல்லையிலயும் அதானக்கா கிடக்கு!" உடைக்காதே, காய்ந்திருக்கும்போது பெருக்காதே, மேலே மண் போட்டு மூடு என்றேன். டா. சொன்னது. எங்கள் பாதையில் இவர் நனைந்துகொண்டே வண்டல் கொட்டினார்.

நேற்றிலிருந்து இவர் சாப்பிடவில்லை. மதியம்: "என்னாலதானே?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா. உங்களாலயும்தான், என்னாலயும்தான். ஆனா தெரிஞ்சே வித்தவன் எவனோ இருக்கான்ல, மொதல்ல அவன். சாப்பிடுங்க. திங்கக்கிழமை நீங்களும் படம் எடுக்கணும்."

அழுதார். இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. குழம்பில் உப்பு கம்மி. சொல்லவில்லை, சாப்பிட்டார்.

கார்த்திகை 2, வியாழன்

வெயில். குறுவை நெல் மூட்டையைப் பிரித்துக் காயப் போட்டோம்.

புற்றுநோய்க் கணக்கு எடுப்பவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். இளங்குரல். பெயர், வயது, ஊர் சொன்னேன்.

"தொழில் இல்லத்தரசின்னு போட்டுக்கறேம்மா."

"போடாதீங்க. ஷீட் வேலைன்னு போடுங்க."

"அது உங்க வீட்டுக்காரர் செஞ்சதுல்ல?"

"அவரு அறுத்தாரு, நான் உதறினேன். ரெண்டும் அதே வேலைதான். இல்லத்தரசின்னு போட்டா அடுப்புப் புகைம்பாங்க, தலையெழுத்தும்பாங்க. ஷீட்டு தப்பிச்சுக்கும்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம். இவர் நெல்லைத் துழாவுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிட்டேம்மா."

"படிச்சுக் காட்டுங்க தம்பி."

படித்தார்.