ஓம், என்ர அண்ணா குற்றவாளிதான்

எப்போதும் எனக்காகச் சண்டைக்கு நின்ற அண்ணாவுக்கு,

நேற்று உங்களுக்காக நான் நின்றேன். போதைப்பொருள் வழக்குகளில் ஆயுள்தண்டனையைக் கட்டாயமாக்கும் சட்டத்தைத் திருத்தலாமா என்று மக்களிடம் கேட்கக் கொழும்பிலிருந்து சட்டத்தரணிகள் திருகோணமலைக்கு வந்திருந்தார்கள்.

மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து உங்கள் கதையைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சல்லிக் கரையில் மீன்படகு பழுதாகி, இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் வேலையில்லாமல் நின்றபோது, ஒருவன் தந்த பொதியை உப்புவெளிக்குக் கொண்டுபோனீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தேதான் கொண்டுபோனீர்கள். பிடிபட்டதும் உண்மையைச் சொன்னீர்கள், தந்தவனின் பெயரையும் சொன்னீர்கள். அவனை இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாரே, கவனித்தீர்களா? "இது முதற்குற்றம், ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆனால் இதைவிடக் குறைந்த தண்டனை தர எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். சட்டம் பொதியிலிருந்த போதைத்தூளின் எடையை மட்டும் கேட்டது. உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது வருடம் சிறையிலேயே நெஞ்சுவலி வந்து எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

நான் சொல்லி முடிக்குமுன் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய் எழும்பினார். "எண்ட புள்ள அந்தத் தூளாலதான் மௌத்தாப் போனான். உங்கட அண்ணனுக்கு இரக்கம் கேக்கிறீங்களா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஓம் அம்மா, என்ர அண்ணா குற்றவாளிதான். அவரைச் சும்மா விட்டிருக்கவேணும் எண்டு நான் சொல்லேல்லை. ஆளையும் பாத்துத் தண்டனை குடுக்க நீதிபதியை விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

அவர் உட்காரவில்லை. சட்டத்தரணிகள் பக்கம் திரும்பி, "அப்ப அதைக் குடுத்தனுப்பினவன் எங்க?" என்றார்.

சட்டத்தைத் திருத்தக் கேட்டு நான் கொண்டுபோயிருந்த மனுவில் அந்தத் தாய் கையெழுத்து வைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? போகும்போது மட்டும் என்னருகே நின்று, "அண்ணன்ட புள்ளைகள் படிக்குதுகளா?" என்று கேட்டார்.

"ஓம், ரெண்டு பேரும்."

தலையசைத்துவிட்டுப் போனார்.

"செத்தவருக்காக ஏன் இப்பிடி அலையிறியள்?" என்று சட்டத்தரணி ஒருவர் கேட்டார். "இப்ப உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்காகத்தான் அலையிறன்" என்றேன்.

அடுத்த கூட்டம் மட்டக்களப்பிலாம். அங்கேயும் போவேன். உங்கள் பிழையை எங்கும் மறைக்க மாட்டேன் அண்ணா. உங்களுக்கு நடந்ததை மறக்கவும் விடமாட்டேன். அந்தச் சட்டம் மாறும்வரை என் வாயை யாராலும் மூட ஏலாது.

உங்களுக்குப் பின் அதே வயிற்றில் பிறந்த
தங்கச்சி