அடாப்டரும் நாலு எலுமிச்சம்பழமும்

14 ஜூன், ஞாயிறு

திருமழிசை தாண்டும்போது ஸ்டீயரிங் உதறியது. பின்சீட்டில் என் மனைவி மாலதியும் குழந்தையும். ஓரங்கட்டி முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். என் சின்னக் காருக்கு நான்கு போல்ட். ஆசைப்பட்டு வாங்கிய அலாய் வீலுக்கு ஐந்து துளை. இரண்டையும் பொருத்த நடுவில் அடாப்டர் என்ற தகட்டைப் போட்டு மாட்டியவன் அம்பத்தூர் மெக்கானிக் சேகர். அந்த அடாப்டரின் நட்டுகள் விரலாலேயே சுழன்றன.

போன வாரம் மாட்டி முடித்ததும் சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து அவனே காரை ஏற்றி நசுக்கினான். நட்டை ஒழுங்காக முறுக்கியிருக்கலாம்.

நானே இறுக்கிக்கொண்டு, மாலதியையும் குழந்தையையும் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெதுவாக அவன் கடைக்குப் போனேன்.

“நூறு கிலோமீட்டர் ஓடினா ஒரு தபா வந்து டைட் வெச்சிக்கணும் அண்ணாத்தே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே,” என்றான். மாட்டிய அன்றைக்கு இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சண்டை போடவில்லை. காரைக் கடை வாசலை அடைத்து நிறுத்தினேன். சரிபார்க்கத்தான் என்று நினைத்து, முட்டுக் கொடுத்து நான்கு சக்கரத்தையும் அவனே கழற்றினான். அவற்றை ஆட்டோவில் ஏற்றினேன். கிளம்புமுன் சக்கரம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன்.

ஆறு முறை போன் செய்துவிட்டான். “வாசலே அடைஞ்சு கீது அண்ணாத்தே, எப்ப வந்து எடுப்ப?” என்று கடைசியாகக் கேட்டான்.

நூறு கிலோமீட்டர் ஓடட்டும், வருகிறேன் என்றேன்.