சோளகத்தில் பார்த்த கடல்

ஆகஸ்ட் 14, புதன்

உடப்பு மீனவர் சங்கத்தின் சட்டத்தரணி என்ற முறையில் இன்று காற்றாலை நிறுவனத்தின் அதிகாரியைச் சந்தித்தேன். எங்கள் கரைக்கு நேரே கடலில் பெரிய மிதவை மேடை ஒன்றை அமைக்க எண்ணுகிறார்கள். மேலே காற்றாலை, கீழே மீன் வளர்க்கும் கூடுகள்.

"காத்துக்கும் மீனுக்கும் ஒரே வீடு, சேர். சண்டை வராது," என்று சிரித்தார்.

அது கரைவலை வளைக்கும் இடம் என்றேன்.

"ஒரு மாசமாப் பாக்கிறம், சேர். ஒரு வலையும் விழேல்ல. சும்மா கிடக்கிற கடல்தானே."

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே எவரும் வலை வளைப்பதில்லை. வலைக்காரர்கள் குடும்பத்தோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி, அதாவது தற்காலிகக் குடில், போட்டிருக்கிறார்கள். காற்றை அளக்க இதுவே உகந்த காலம் என்பதும் உண்மை. ஆகையால் உள்நோக்கம் கற்பிக்க நான் விரும்பவில்லை. ஐப்பசியில் ஒருமுறை வந்து பார்க்கும்படி மட்டும் கேட்டேன்.

"ஐப்பசியா? அதுக்குள்ள முல்லைத்தீவில இருந்து உங்கட ஆக்கள் எல்லாம் வந்திடுவாங்களே, சேர். ஆள் கூடினாக் கதை நீளும்."

முல்லைத்தீவு என்ற பெயரை நான் உச்சரிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர், என் அத்தான், எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவர் அவர்தான்.

சற்றுமுன் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "அத்தான் சாப்பிடாமப் படுத்திட்டார். கூட்டத்தில என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.